எண்ணூர்த் துப்பாக்கியும் நான் போட்ட கையெழுத்தும்

1

செயலாளர் ஐயா, நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். தெரிந்தே சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் பத்தாம் ஆண்டு மலரில், உங்கள் போட்டோவுக்கு நேர் கீழே அந்தப் பொய் அச்சாகியிருக்கிறது.

உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் ஆசிரியர் அடித்துவிடுவார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நீங்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

என்னையும் சிலருக்குத் தெரிந்திருக்கும். காலடிப்பேட்டை ஏழுமலை, பிட்டர். இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. இங்கிருந்து இந்தப் பத்திரிகைக்கு மூன்று தடவை எழுதியிருக்கிறேன். பனியைப் பற்றி ஒன்று, பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பதைப் பற்றி ஒன்று, கருவாட்டுப் பார்சலைச் சுங்க அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு பிரித்ததைப் பற்றி ஒன்று. படித்துச் சிரித்தோம் என்று பலர் எழுதினார்கள். அந்த ஆள்தான் இதையும் எழுதுகிறேன். இதில் சிரிக்க ஒன்றும் கிடையாது.

2

மலர் எனக்குத் தானாக வரவில்லை. என் தங்கை அஞ்சலை அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துக் கடிதத்தோடு அனுப்பியிருந்தாள். காசிமேட்டில் மீன் விற்கிறாள். அவளுக்கு எழுதப் படிக்க வராது. பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா எழுதிக் கொடுத்த கடிதம். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசி வரியை மட்டும் அஞ்சலை சொன்னபடியே அந்த அம்மா எழுதியிருந்தார்.

"அண்ணாத்தே, அந்தக் காயிதத்துல கீறது உன் கையெய்த்தா இல்லியா? வேற எதுவும் சொல்ல வாணாம். அத்த மட்டும் சொல்லு."

கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. சனிக்கிழமைகளில் எனக்கு இங்கே ஒரு வேலை உண்டு. தொழிற்சாலை ஆட்கள் சேர்ந்து நடத்தும் துப்பாக்கிச் சங்கத்தின் பழைய துப்பாக்கி ஒன்றைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடுகிற சாதி. முதல் உலகச் சண்டையில் செய்தது. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நிற்கிற பலகையில் அடிக்க வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி கட்டிக் கொடு என்று போர்மன் ஹாரி கேட்டிருந்தார். எண்ணூரில் நான் கட்டிய துப்பாக்கிக்கு இது கூடப்பிறந்தது. நம்பர்தான் வேறு.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு ஸ்க்ரூகூட என்னால் நேராகப் போட முடியவில்லை.

3

தெரியாதவர்களுக்காக அந்த இடத்தைச் சொல்கிறேன்.

எண்ணூர்க் கடற்கரையில் முள்ளுக்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்வெளி. வெள்ளைக்காரர்கள் அங்கே சுட்டுப் பழகினார்கள். அவர்கள் கப்பல் ஏறினதும் பன்னிரண்டு பழைய துப்பாக்கிகளும் ஒரு ஓட்டுக் கட்டடமும் மிஞ்சின. நம்மூர்ப் பெரிய மனிதர்கள் சிலர் அதை எடுத்து நடத்தினார்கள். செயலாளர் அவர்களில் ஒருவர். சண்டைக் காலத்தில் நான் துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவன். அதனால் என்னைப் பிட்டராக வைத்தார்கள். என் தங்கை புருஷன் தேசப்பனையும் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். துப்பாக்கி அறையைப் பூட்டுவது, திறப்பது, கட்டுமரங்கள் கிட்டே வராமல் சிவப்புக் கொடி ஏற்றுவது அவன் வேலை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றை ஆயிரம் கஜத்துக்குத் தயார் பண்ணச் சொன்னார் செயலாளர். ஆறு மாதம் எடுத்தேன். பட்டறைக் கிடங்கில் கிரீஸ் பூசிக் கிடந்த புதுக் குழல் ஒன்று கிடைத்தது. பழையதைக் கழற்றிவிட்டு அதை ஏற்றினேன். கடல் காற்றில் துப்பாக்கியின் மரக்கட்டை ஊதிக் குழலை நெருக்கும். காலையில் நேராகப் போகிற குண்டு மத்தியானம் இடது பக்கம் ஓடும். அதனால் குழலுக்கு விளக்குக் கரி பூசிக் கட்டையில் உட்கார வைப்பேன், எடுப்பேன். கட்டையில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே சுரண்டுவேன். மறுபடி பூசுவேன். குழல் எதையும் தொடாமல் மிதக்கிற மாதிரி வரும் வரை இதேதான்.

போல்ட்டு இன்னும் மோசம். தோட்டாவுக்குப் பின்னால் நின்று வெடியைத் தாங்குவது அதுதான். அதன் இரண்டு பக்கமும் இரண்டு புடைப்பு உண்டு. சுடும்போது இரண்டும் ஒரே அழுத்தத்தில் உட்கார வேண்டும். எண்ணெயும் எமரித் தூளும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதைக் கொண்டுவந்தேன். தேசப்பன் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான்.

"இன்னா மச்சான், இத்தினி நாளா தேச்சிக்கினே கீற. தேஞ்சே பூடப்போவுது. பொண்டாட்டி மூஞ்சியக்கூட நீ இப்டிப் பாத்திருக்க மாட்டே."

"உன் பொண்டாட்டி என் தங்கச்சி. வாயை அளந்து பேசு" என்பேன். அவன் சிரிப்பான்.

ஒன்றை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படித் தேய்த்த போல்ட்டு அந்த ஒரு துப்பாக்கிக்குத்தான் பொருந்தும். வேறு துப்பாக்கியின் போல்ட்டும் உள்ளே போகும், மூடும், சுடக்கூடச் சுடும். ஆனால் தோட்டாவுக்குப் பின்னால் ஒரு காகிதக் கனத்துக்கு இடைவெளி விழுந்துவிடும். அது போதும். தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, நெருப்பும் பித்தளைத் துணுக்கும் பின்பக்கமாக, சுடுகிறவன் முகத்துக்கே வரும்.

4

துப்பாக்கியையும் போல்ட்டையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்பது போலீஸ் உத்தரவு. தினமும் சாயங்காலம் பன்னிரண்டு போல்ட்டையும் கழற்றி மரப்பெட்டியில் போட்டு ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். காலையில் பெட்டி திரும்பி வரும். எது எதனுடையது என்று போல்ட்டின் கைப்பிடியில் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் வெட்டியிருக்கும். முப்பது வருஷம் கைபட்டுத் தேய்ந்த நம்பர். வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் எனக்கே தெரியும். தேசப்பனுக்கு இங்கிலீஷ் எழுத்து சுத்தமாகத் தெரியாது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? எங்கள் குப்பத்தில் செய்வதைச் செய்தான். கரையில் நாற்பது வீட்டு வலை ஒன்றாகக் கிடக்கும். யாரும் பெயர் எழுதி வைப்பதில்லை. வலையின் ஓரக் கயிற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத் துணி, இத்தனை முடிச்சு என்று கணக்கு இருக்கும். இருட்டில் விரலால் தடவியே எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருத்தர் முடிச்சை இன்னொருத்தர் அவிழ்க்க மாட்டார்கள். அவிழ்த்தால் வெட்டுக்குத்து. தேசப்பன் அதேபோல ஒவ்வொரு துப்பாக்கியின் வார் வளையத்திலும் அதன் போல்ட்டிலும் ஒரே நிற நூல், ஒரே எண்ணிக்கை முடிச்சு போட்டான். என் துப்பாக்கிக்கு நீலம், மூன்று முடிச்சு. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒன்று மாறவில்லை. நம்பர் பார்க்கிற நான் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். அவன்தான் பிடித்தான்.

ஆண்டு விழா வந்தது. ஒரு பெரிய அதிகாரி வந்து, நான் கட்டின துப்பாக்கியால் ஆயிரம் கஜத்தில் சுட்டுப் போட்டியை ஆரம்பித்து வைப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் செயலாளர் அறையைச் சுற்றிப் பார்க்க வந்தார். நூல்களைப் பார்த்தார்.

இது என்ன வேப்பமரமா, தாயத்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அழுக்கு நூல், அறுத்து எறியுங்கள், அதிகாரி பார்த்தால் மானம் போகும் என்றார். தேசப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நூலை அறுத்தா எது எத்தோடதுன்னு தெரியாம பூடும், சார்" என்றான்.

நம்பர் இருக்கிறதே, படிக்கத் தெரியாதவனை யார் இங்கே வைத்தது என்று என்னைப் பார்த்தார் செயலாளர். தேசப்பன் அறுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கட்டிய கையைப் பிரிக்கவும் இல்லை. செயலாளர் என்னிடம், நீ அறு என்றார்.

நான் அறுத்தேன். என் பைக்குள் இருந்த பேனாக்கத்தியால் பன்னிரண்டு துப்பாக்கி, பன்னிரண்டு போல்ட்டு, எல்லாவற்றையும் நானே அறுத்தேன். காலையில் நான்தானே இருக்கப்போகிறேன், நம்பர் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தேசப்பன் தரையில் கிடந்த நூலை எல்லாம் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டான். 

5

காலையில் என்னை அந்த அறைப்பக்கமே விடவில்லை. அதிகாரி சுடும்போது பலகைக்குக் கீழே பள்ளத்தில் நின்று எங்கே பட்டது என்று காட்ட விவரம் தெரிந்த ஆள் வேண்டும், நீ போ என்றார் செயலாளர். போல்ட்டுப் பெட்டி இன்னும் ஸ்டேஷனிலிருந்து வரவில்லை என்றேன். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். ஆயிரம் கஜம் மணலில் நடந்து போனேன்.

அப்புறம் நடந்தது தேசப்பன் சொல்லித் தெரிந்தது. விழாச் சாப்பாட்டுக்கு வந்திருந்த சமையல்காரரும் அதையேதான் சொன்னார். பெட்டி தாமதமாக வந்தது. அதிகாரியின் கார் வாசலில் நின்றுவிட்டது. ஏழுமலை வரட்டும், நம்பர் பார்த்துப் போடலாம் என்று தேசப்பன் கேட்டான். நேரமில்லை, போடு என்று செயலாளர் அதட்டினார். தேசப்பன் கைக்கு வந்தபடி போட்டான். எல்லாம் உள்ளே போயின. எல்லாம் மூடின.

துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுத்தம் பண்ணி எண்ணெய் பூசின குழலில் முதல் குண்டு தாறுமாறாகப் போகும். அதனால் ஒரு குண்டைச் சும்மா சுட்டு எண்ணெயை எரித்துவிட்டுத்தான் விருந்தாளி கையில் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அவர் முதல் குண்டு பலகையையே தொடாது. எப்போதும் அந்தக் குண்டைச் சுடுகிறவன் நான். நான் பள்ளத்தில் இருந்தேன். செயலாளர் தேசப்பனிடம் துப்பாக்கியைக் கொடுத்து, நீ சுடு என்றார்.

பள்ளத்தில் நிற்கிறவனுக்கு முதலில் தலைக்கு மேல் சாட்டை அடித்த மாதிரி குண்டு போகிற சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் துப்பாக்கிச் சத்தம் வரும். எனக்கு இரண்டும் கேட்டது. இரண்டாவது சத்தம் கொஞ்சம் உடைந்த மாதிரி இருந்தது. காற்று என்று நினைத்தேன். பலகையைப் பார்த்தால் நடு வட்டத்தை ஒட்டி ஓட்டை. ஆறு மாத உழைப்பு. அதுவும் முதல் குண்டிலேயே. வெள்ளைத் தகட்டைக் கம்பில் மாட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில் இரண்டு தடவை ஆட்டினேன்.

அடுத்த குண்டு வரவே இல்லை. சுடுவதை நிறுத்தியதற்கு அடையாளமாகச் சிவப்புக் கொடி இறங்கியது. ஓடினேன்.

பந்தலின் ஓரத்தில் மணலில் உட்கார்ந்திருந்தான் தேசப்பன். வலது கண்ணைக் கையால் பொத்தியிருந்தான். விரல் சந்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. என் காலடிச் சத்தத்திலேயே நான் என்று தெரிந்துகொண்டான்.

"மச்சான், பட்டுச்சா?" என்றான்.

"பட்டுச்சு" என்றேன்.

பக்கத்தில் கிடந்த துப்பாக்கியின் போல்ட்டை உருவி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். நம்பர் வேறு. செயலாளர் ஐயா, நீங்கள் என் தோளுக்குப் பின்னால்தான் நின்றீர்கள். இது வேற போல்ட்டு சார் என்று சொன்னேன். அதை என் கையிலிருந்து வாங்கி உங்கள் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.

6

நாலாம் நாள் செயலாளர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நான் மூன்று மாதமாக அலைந்துகொண்டிருந்த தாள். இங்கிலாந்துத் தொழிற்சாலை வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். போலீஸ் விசாரணை முடிந்துவிட்டது. வேலை செய்த இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று மட்டும் பாக்கி. இன்னொன்று இங்கிலீஷில் டைப் அடித்த வாக்குமூலம். தேசப்பன் குடித்திருந்தான், அனுமதி இல்லாமல் துப்பாக்கியை எடுத்தான், தானே தவறான போல்ட்டைப் போட்டுச் சுட்டான், இதை நான் நேரில் பார்த்தேன் என்று அதில் இருந்தது. பள்ளத்தில் இருந்தவன் எப்படி நேரில் பார்ப்பேன்? அதைக் கேட்க யாரும் இல்லை.

இங்கிலீஷ் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை. படித்தேன். புரிந்தது.

"நூலை அறுத்தது உன் கை, ஏழுமலை. அதை எழுதட்டுமா? இல்லை, இதில் கையெழுத்துப் போடுகிறாயா?" என்றார் செயலாளர்.

போட்டேன். சான்று கிடைத்தது. மதுவிலக்கு அமலில் இருந்த ஊரில் ஒருத்தன் குடித்திருந்தான் என்றால் அது வெறும் பழி இல்லை, குற்றம். கண்கட்டுப் பிரிப்பதற்கு முன்பே தேசப்பனைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். என் மச்சான் குடிக்கவே மாட்டான். அவன் அப்பா குடித்தே செத்தார், அதனால் வாசனைகூடப் பிடிக்காது அவனுக்கு. காசிமேடே சாட்சி சொல்லும். யாரும் காசிமேட்டைக் கேட்கவில்லை. ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான்.

நான் கப்பல் ஏறின அன்று துறைமுகத்துக்கு வந்து என் பெண்ணைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். கோர்ட்டில் எல்லாம் இங்கிலீஷில் நடந்ததால் கையெழுத்து விஷயம் அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அவன் தோளிலிருந்து என் குழந்தையை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

7

இங்கே என் வாழ்க்கை எப்படி என்று கேட்பீர்கள். காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் போகிறேன். வந்த புதிதில் வேலை முடிந்து கிளம்பும்போது, போய்விட்டு வருகிறேன் என்று நம் வழக்கப்படி இங்கிலீஷில் சொன்னேன். திரும்பி வரப்போகிறேன் என்று நினைத்து ஹாரி கதவைப் பூட்டாமல் அரைமணி நேரம் காத்திருந்தாராம். இப்போது ஒன்றும் சொல்லாமல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போகிறேன்.

பழைய துப்பாக்கியைக் கட்ட ஹாரி கேட்டபோது வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம் ஒத்துக்கொண்டேன். என் கைக்கு அந்த வேலை தெரியும். ஐந்து வருஷமாக ஒரே மாதிரி இரும்பை ஒரே மாதிரி ராவிக்கொண்டிருந்த கை அது. துப்பாக்கியைத் தொடுகிறவனுக்குப் போலீஸ் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கே வந்து, டீ குடித்துக்கொண்டு, பாரத்தை நிரப்பினார். இதற்கு முன் துப்பாக்கி விபத்து எதிலாவது சம்பந்தப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று பாருங்கள்.

கரி பூசினேன், சுரண்டினேன், எமரி போட்டுத் தேய்த்தேன். இங்கேயும் போல்ட்டைத் தனியாகத்தான் பூட்டி வைக்கிறார்கள். இங்கேயும் நம்பர் தேய்ந்துதான் இருக்கிறது. அதனால் ஹாரி ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு அட்டைச் சீட்டு கட்டி வைத்திருக்கிறார். நூலால்தான் கட்டியிருக்கிறார், செயலாளர் ஐயா. நல்ல அழுக்கு நூல். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள். அறு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

8

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, இங்கிலீஷில் அச்சான அந்த மலர்த் தாளை என் பெண்ணிடம் கொடுத்தேன். மல்லிகாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் மாலி என்கிறார்கள், அதற்குத்தான் உடனே திரும்பிப் பார்க்கிறாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சத்தம் போட்டுப் படி என்றேன். ஏன் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நான் ஏற்கெனவே படித்துவிட்டேன்.

அழகாகப் படித்தாள். சங்கத்தின் வரலாற்றில் ஒரே துக்க சம்பவம், குடிபோதையில் இருந்த வேலையாள் ஒருவனால் நேர்ந்தது, இதைச் சங்கத்தின் பிட்டரே கையெழுத்திட்டு உறுதி செய்திருக்கிறார் என்று படித்தாள். வேலையாள் யார் என்று கேட்டாள். உன் மாமா என்றேன். இங்கே தெருவில் போகிறவர்களை எல்லாம் அங்கிள் என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறோம். அதனால், நிஜ அங்கிளா, இந்திய அங்கிளா என்று கேட்டாள். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவன் முகம் அவளுக்கு நினைவில்லை. பிட்டர் யார் என்று அவள் கேட்கவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் தமிழில் பேசினாள். எத்தனையோ மாதம் கழித்துத் தமிழ்.

"நீ பாத்தியா அப்பா?"

"இல்லை" என்றேன்.

அவள் மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. 

9

அஞ்சலையின் கடிதத்தில் விஷயம் இதுதான். துறைமுகத்தில் வாசல் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒற்றைக் கண் இருந்தாலும் பரவாயில்லை என்கிறார்கள். தேசப்பனின் மற்றக் கண்ணுக்குக் கடல் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுமரத்தில் போக முடியாது. வலை பின்னினால் கண்ணி தப்புகிறது. வயது வரம்பு இந்தச் சித்திரையோடு முடிகிறது. அப்புறம் எந்த ஆபீசும் அவனை எடுக்காது. குடித்த கேஸ் இருக்கிறதே, அது தவறு என்று சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வா, எடுத்துக்கொள்கிறோம் என்று துறைமுகத்து அதிகாரி நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அஞ்சலை செயலாளரிடம் போனாள். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. ஐந்தாவது தடவை அவர் வாக்குமூலத்தை எடுத்துக் கையெழுத்தைக் காட்டினார். உன் அண்ணனே எழுதிக் கொடுத்தது, அவனை விட நான் அதிகம் தெரிந்தவனா என்று கேட்டார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கருவாட்டுப் பார்சல் வந்து சேர்ந்தது என்று நான் அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அந்தக் கையெழுத்தின் சுழியைப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் அந்தக் கேள்வி.

போன சனிக்கிழமை ஹாரி என்னை முதல் குண்டு சுடச் சொன்னார். கட்டினவன்தான் முதலில் சுட வேண்டும் என்பது இங்கேயும் வழக்கம். படுத்தேன். போல்ட்டை மூடினேன். சீட்டு, நம்பர் எல்லாம் சரியாக இருந்தன. கன்னத்தைக் கட்டையில் வைத்தேன். வலது கண் மூடிக்கொண்டது. திறக்க முடியவில்லை. ஹாரி என்ன என்று கேட்டார். எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், என் உடைந்த இங்கிலீஷில். அவர் துப்பாக்கியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். அந்த மனிதன் உனக்குச் சொந்தக்காரனா என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பாரத்தில் பொய் எழுதினேன் என்று சொன்னேன். அனுமதிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விசாரணை உண்டு என்றார்கள். வேலைக்கும் ஆபத்து வரலாம். வரட்டும். இங்குள்ள வக்கீல் முன்னால் சத்தியம் பண்ணி, அன்று நடந்ததை முழுக்க எழுதித் துறைமுகத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். நூலை அறுத்தது நான் என்பதையும் எழுதினேன். ஆனால் முன்பு ஒரு பேச்சு, இப்போது ஒரு பேச்சு பேசுகிறவன் வார்த்தைக்கு என்ன மதிப்பு? அந்த அதிகாரி என்னை நம்ப ஒரு காரணமும் இல்லை. என் பழைய வாக்குமூலத்தைக் கையில் வைத்திருக்கிற நீங்கள், அது பொய் என்று சொன்னால்தான் நம்புவார். அப்படி ஒரு இடத்தில் என் மச்சானைக் கட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சித்திரைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. யோசித்து யோசித்து வேறு வழி ஒன்றும் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

10

அஞ்சலை, வாத்தியாரம்மா இதை உனக்குப் படித்துக் காட்டுவார். ஆமாம். அது என் கையெழுத்து. உன் புருஷன் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன். தேசப்பனிடம் நீயே சொல்லிவிடு. என்னால் முடியவில்லை. என்னைத் திட்ட வேண்டும் என்றால் எழுத வேண்டாம், கரையில் நின்று திட்டு, எல்லோரும் கேட்கட்டும்.

செயலாளர் ஐயா, என் பங்கை நான் ஊர் முன்னால் ஒத்துக்கொண்டேன். இனி உங்கள் முறை. ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். எனக்குத் தனிக் கடிதமும் வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

நூலை அறுக்கச் சொன்னது யார்?

நம்பர் பார்க்கத் தெரிந்தவனை ஆயிரம் கஜம் தள்ளி அனுப்பியது யார்?

தேசப்பன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, சுடு என்று சொன்னது யார்?

உங்கள் பையில் போட்டுக்கொண்ட போல்ட்டு எங்கே?

சித்திரைக்கு முன்னால் எழுதுங்கள். காசிமேட்டில் ஒருத்தன் ஒற்றைக் கண்ணோடு காத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. எல்லோரும் கேட்கும்படி அவனுக்குப் படித்துக் காட்டுவார்கள். பதில் சொல்லுங்கள்.